ஏப்பத்துக்குக் காத்திருந்த வீடு

என் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்பது என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மாமியாருக்கு அது வாயு. பக்கத்து குவார்ட்டர்ஸ் தெலுங்கு அம்மாளுக்கு அது கண் பட்டது. டிஸ்பென்சரி கம்பவுண்டருக்கு அது வெள்ளை மிக்ஸ்சரில் தீர வேண்டியது. தீராவிட்டால் நான் சரியாகக் குடிக்கவில்லை. என் கணவருக்கு அது வீட்டுப் பெண்கள் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டிய விஷயம். எனக்கு மட்டும்தான் அது வலியாக இருந்தது.

நெஞ்செலும்பு முடிகிற இடத்துக்குக் கீழே, ஒரு உள்ளங்கை அகலத்தில் அது உட்கார்ந்திருந்தது. காலையில் ஒன்றும் இராது. வெயில் ஏற ஏறச் சுரண்டத் தொடங்கும். சாப்பிட்ட பிறகு சுரண்டல் நின்று, உள்ளேயிருந்து யாரோ பந்து ஊதுவதுபோல உப்பும். புடவைக் கட்டைத் தளர்த்திவிட்டு, குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, சுவரில் சாய்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன். என் மகள் பிறந்து நாலைந்து மாதம் ஆகியிருந்தது.

நாங்கள் இருந்தது செகந்திராபாத்தில், லாலாகூடா ஒர்க்ஷாப்பை ஒட்டிய ரயில்வே குவார்ட்டர்ஸில். நான் இந்த ஊரிலேயே பிறந்து, மாரெட்பள்ளியில் ஒரு பெண்கள் பள்ளியில் நாலாவது பாரம் வரை படித்தவள். வாயைத் திறந்தால் தமிழோடு, வேண்டாம் என்பதற்கு ‘நக்கோ’வும் ஆமாம் என்பதற்கு ‘ஹவ்’வும் வந்துவிடும். மாமியார் அரக்கோணத்துக்காரர். பிள்ளைக்கு ரயில் இஞ்சின் ஷெட்டில் ஃபிட்டர் வேலை கிடைத்த பிறகு கூட வந்து தங்கியவர். இந்த ஊர் பாஷை அவருக்குப் பிடிக்காது, புளிச்சகீரை பிடிக்காது, நான் படித்தது கொஞ்சம் பிடிக்கும், நான் படித்ததைக் காட்டிக்கொண்டால் பிடிக்காது.

ஒர்க்ஷாப் சங்குதான் அந்தப் பகுதிக்கே கடிகாரம். காலைச் சங்குக்கு அடுப்பு மூட்டுவார்கள். மத்தியானச் சங்குக்கு வரிசை முழுக்கத் தட்டுகள் சத்தமிடும். எங்கள் வீட்டில் மாமியார் அந்தச் சங்குக்குச் சாப்பிட்டுவிடுவார். நான் சாப்பிடக் கூடாது. கணவர் வந்து சாப்பிட்ட பிறகுதான் எனக்குச் சோறு; அதுவும் அவர் தட்டிலேயே. ஒர்க்ஷாப்காரர் மனைவிகளுக்கு இது ஒரு கஷ்டமே இல்லை, சங்கு ஊதினால் அவர்களுடைய ஆட்கள் வந்துவிடுவார்கள். என் கணவருக்கு ஷெட் வேலை. உலகப் போர் நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. பட்டாளமும் சரக்குமாக வண்டிகள் ஓய்வில்லாமல் ஓடின. பழுதாகி நிற்கிற இஞ்சின் சங்குக்குக் கட்டுப்படாது. அவர் இரண்டு மணிக்கும் வருவார், நாலு மணிக்கும் வருவார். அதுவரை பசியை அடக்க நான் கடுந்தேநீர் குடிப்பேன். அவர் எழுந்ததும் குழந்தை விழிப்பதற்குள் நாலு வாயில் அள்ளிப் போட்டுக்கொள்வேன்.

இதை நான் ஒரு குறையாக நினைத்ததில்லை. பள்ளியில் தாமதமாக வராதே என்றார்கள், வரவில்லை. இங்கே முந்திக்கொண்டு உண்ணாதே என்றார்கள், உண்ணவில்லை. சொன்னதைச் செய்வதில் நான் கெட்டிக்காரி.

வைத்தியம் மாமியாரிடமிருந்தே தொடங்கியது. ஓமத்தை வறுத்துக் கஷாயம். சுக்கும் பெருங்காயமும் வெந்நீரில். பூண்டைச் சுட்டுத் தேனில். விளக்கெண்ணெய். எதற்கும் நிற்காதபோது பஜாரிலிருந்து கோலி சோடா. ஒவ்வொன்றையும் கொடுத்துவிட்டு என் எதிரில் உட்கார்ந்து முகத்தையே பார்ப்பார்.

“இன்னாம்மே, வந்துச்சா?”

ஏப்பம் வந்ததா என்று கேட்கிறார். அவர் கணக்கில் ஏப்பம்தான் சாட்சி. ஏப்பம் வந்தால் வாயு கலைந்தது, மருந்து பலித்தது, அவர் அரைத்த கை வீண்போகவில்லை. வராவிட்டால் இன்னொரு டம்ளர்.

“இல்ல அத்தை.”

“ஒயுங்கா முழுங்குனியா? முகத்த சுளிச்சிகினு குடிச்சா எப்டிம்மே வரும்?”

பின்கட்டில் துணி துவைக்கிற தெலுங்கு அம்மாளும் வேலிக்கு அப்பாலிருந்து கேட்பாள். “வொச்சிந்தா அம்மா?” வந்ததா என்றுதான் அவளும். தண்ணீர்க் குழாயடியில்கூட என் ஏப்பத்தைப் பற்றிப் பேசினார்கள் என்று பின்னால் தெரிந்தது.

இரண்டாம் டம்ளருக்குப் பயந்து நான் ஒரு வித்தை கற்றுக்கொண்டேன். வாயை மூடி, ஒரு மிடறு காற்றை உள்ளே இழுத்து விழுங்கினால், அது தொண்டையில் முட்டித் திரும்பி வரும். முதலில் சின்னதாக வந்தது. பழகப் பழக, அறைக்கு வெளியே கேட்கிற அளவுக்கு வரவழைத்தேன். மாமியார் முகம் மலரும். “ஆங், அப்டிப் போடு. கலைஞ்சிச்சு பாரு!” வீடே நிம்மதியாகும். எனக்கும் ஒரு நொடி இலேசானதுபோல இருக்கும். பிறகு பழையபடி உப்பும். நான் மறுபடி காற்றை விழுங்குவேன். கொஞ்ச நாளில் யாரும் கேட்காமலேயே, ரொட்டி தட்டும்போதும் தொட்டில் ஆட்டும்போதும் அந்த மிடறு தானாக இறங்க ஆரம்பித்தது.

வலி என்னோடு மட்டும் நின்றிருந்தால் இப்படியே வருஷக்கணக்கில் ஓடியிருக்கும். ஆனால் குழந்தை அழ ஆரம்பித்தாள். சாயங்காலமானால் முழங்கால்களை வயிற்றோடு இழுத்துக்கொண்டு, முகம் சிவக்க, மூச்சு நின்றுவிடுமோ என்று பயப்படும்படி அழுவாள். மாமியார் அவள் வயிற்றைச் சுண்டிப் பார்த்தார். தம்பட்டம்போலச் சத்தம் வந்தது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இப்போதும் எனக்கு நினைவிருக்கிறது.

“உன் வாயுதாம்மே. பால் வழியா போயி குழந்த வயித்துல நிக்குது.”

அன்று இரவுச் சாப்பாட்டுக்குள் முடிவாகிவிட்டது. அரக்கோணத்தில் என் நாத்தனார் இருந்தார், கணவரின் அக்கா. வீட்டில் கறவைப் பசு. குழந்தையை அங்கே கொண்டுபோய் விட்டுப் பசும்பாலில் வளர்ப்பது; என் உடம்பு சரியான பிறகு, அதாவது ஒரு வருஷமோ என்னவோ கழித்து, அழைத்துக்கொள்வது. தனக்கு ரயில்வே பாஸ் எழுதிக் கேட்கும்படி மாமியார் பிள்ளையிடம் சொன்னார். என் கணவர் சோற்றைப் பிசைந்தபடியே, “சரி, கேக்கறேன்” என்றார். என்னை யாரும் கேட்கவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமலிருந்ததற்குக் காரணம் பணிவு என்றுதான் அப்போது நினைத்தேன். பயம்தான் காரணம். அவர் சொல்வது உண்மையாக இருந்துவிட்டால்? என் பாலே அவளுக்கு நோயாக இருந்தால்?

பாஸ் கைக்கு வர நாள் ஆகும். அந்த இடைவெளியில் நான் முதன்முதலாக ஒன்றைக் கேட்டேன். பெண் டாக்டரிடம் என்னைக் கூட்டிப் போக வேண்டும். மாமியார் மறுக்கவில்லை, கூடவே வந்தார். டாக்டர் வாயாலேயே அது நிரூபணமாகும் என்று நம்பியிருப்பார்.

டாக்டரம்மாள் என்னைப் படுக்கவைத்து விரல்களால் அழுத்திப் பார்த்தார். மலம் தார் மாதிரிக் கறுப்பாகப் போகிறதா, வாந்தியில் இரத்தம் உண்டா, உடம்பு இளைத்துக்கொண்டே வருகிறதா, வலி முதுகுக்குப் பாய்கிறதா, தூக்கத்திலிருந்து எழுப்புகிறதா, கண் மஞ்சளாகிறதா என்று இங்கிலீஷில் ஒவ்வொன்றாகக் கேட்டார். எதுவும் இல்லை என்றேன். இதில் ஏதாவது ஒன்று வந்தால் கஷாயம் காய்ச்சிக்கொண்டு உட்காராமல் அன்றைக்கே வர வேண்டும் என்றார். பிறகு, “நீ எப்போது சாப்பிடுகிறாய்?” என்று கேட்டார்.

யாரும் என்னைக் கேட்டிராத கேள்வி. “எல்லோரும் சாப்பிட்ட பிறகு” என்றேன்.

“நான் மணியைக் கேட்டேன்.”

என் சாப்பாட்டுக்கு மணி கிடையாது.

வேளைக்குச் சாப்பிடு, ஒரேயடியாக வேண்டாம், கொஞ்சம் கொஞ்சமாக. வெறும் வயிற்றில் தேநீரை நிறுத்து என்றார். ஒரு பொடி எழுதிக்கொடுத்தார். நான் தயங்கித் தயங்கிப் பாலைப் பற்றிக் கேட்டேன். அவர் சிரித்தேவிட்டார். வயிற்றிலிருக்கும் காற்று பாலுக்குப் போக வழியே இல்லை என்றார்.

மாமியார் என் புடவையை இழுத்தார். “இன்னா சொல்லுது?”

நான் தமிழில் சொன்னேன்.

“அது ஒண்ணு சொல்லுது, நீ ஒண்ணு சொல்றியா? இங்கிலீசு தெரியாதுன்னு என்னை ஏமாத்தப் பாக்கறியா?”

என் முகம் எரிந்தது. டாக்டருக்குத் தமிழ் தெரியாது, ஆனால் சண்டை புரிந்திருக்கிறது. எழுந்து வந்து மாமியாரின் தோளில் கை வைத்து, இந்த ஊர் உருதுவில் நிதானமாகச் சொன்னார்: “தூத் மே ஹவா நை ஜாத்தி, அம்மா. டரோ நக்கோ.” பாலில் காற்றுப் போகாது, பயப்படாதே என்று. நக்கோ என்ற சொல்லை அன்றைக்கு ஒருநாள்தான் என் மாமியார் முகம் சுளிக்காமல் கேட்டார்.

ஜட்காவில் திரும்பும்போது அவர் சொன்னார்: “அந்தம்மாளுக்குக் கல்யாணமே ஆவலியாமே. வேளைக்கு வேளை துன்னுன்னு ஈசியா சொல்லும். புருஷன் பட்டினியா கீறப்போ சோறு எறங்குமா?”

பொடி வேலை செய்தது, கொஞ்சம். வேளைக்குச் சாப்பிட எனக்குத் துணிச்சல் வரவில்லை. பாஸும் வந்துவிட்டது. இரண்டு நாளில் புறப்பட்டு, வாடி ஜங்ஷனில் அரக்கோணம் வண்டிக்கு மாற வேண்டும்.

“ஒரு நாள் பசும்பால் குடுத்துப் பாக்கலாம்மே” என்றார் மாமியார். “அழுகை நின்னா நான் சொன்னது சரி. நிக்கலைன்னா நீயே வச்சுக்க.” நியாயமாகத்தான் பட்டது. டாக்டர் சொன்னதை நம்பினேன், ஆனாலும் ஒத்துக்கொண்டேன். நம்பிக்கையையும் சந்தேகத்தையும் ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ள எனக்கு எப்போதும் வரும்.

காலையிலிருந்து பாலாடையில் புகட்டிப் பார்த்தார். அவள் நாக்கால் தள்ளினாள், துப்பினாள், கடைவாயில் வழியவிட்டாள். மத்தியானத்துக்குள் பசியில் கத்த ஆரம்பித்தாள். என் மார்பு கல்லாகக் கட்டி, ரவிக்கை நனைந்து, அந்த அழுகையைக் கேட்கக் கேட்க இன்னும் வலித்தது. மாமியார் இரண்டாம் தரம் பாலைக் காய்ச்ச உள்ளே போனார். நான் அவளைத் தூக்கி மார்பில் போட்டுக்கொண்டேன். யாரையும் கேட்கவில்லை.

அவள் குடித்த விதத்தைப் பார்த்தேன். அழுகை முழுதாக நிற்காமலேயே, விம்மிக்கொண்டே, களக் களக் என்று விழுங்கினாள். பாலைவிடக் காற்றைத்தான் அதிகம் குடித்தாள் என்று தோன்றியது. முடித்ததும் முழங்கால்கள் மேலே வந்தன, வயிறு இறுகியது, முகம் சிவந்தது. மற்ற நாட்களில் சாயங்காலம் நடப்பதுதான் இது. சாயங்காலங்களில் என்ன நடக்கிறது? என் கணவர் வந்து சாப்பிட்டு, நான் அள்ளிப் போட்டுக்கொண்டு, பாத்திரம் கழுவி முடிக்கிற வரை அவள் பசியில் அழுதுகொண்டிருப்பாள். அழுது ஓய்ந்த பிறகுதான் பால். பால் கெட்டுப் போகவில்லை. பால் தாமதமாக வந்தது.

அவளைத் தோளில் போட்டு முதுகைத் தடவினேன். பெரிய மனுஷி மாதிரி ஒரு ஏப்பம் விட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. உடனே, பழக்கத்தில், என் தொண்டையில் அந்த மிடறு இறங்கியது.

இறங்கியதைக் கவனித்தேன். உள்ளங்கையை மேல்வயிற்றில் வைத்துக்கொண்டு மறுபடி ஒன்று விழுங்கிப் பார்த்தேன். கைக்கடியில் வயிறு எழும்பியது. ஏப்பம் வந்தது, ஆனால் எழும்பிய அளவுக்கு வயிறு தாழவில்லை. இன்னொரு தரம். அதே கதை. உள்ளே போவதில் பாதிதான் திரும்பி வருகிறது. மீதி எங்கே தங்குகிறது என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பட்டினி கிடந்து, விழுந்தடித்து விழுங்கி, அதன் மேல் வீட்டாரைத் திருப்திப்படுத்த நாள் முழுக்கக் காற்றையும் நானே குடித்துக்கொண்டிருந்தேன். ஐந்து மாதக் குழந்தை பசியில் செய்ததையே நான் படித்துவிட்டுச் செய்திருக்கிறேன்.

அப்போது எனக்கு வந்தது அழுகை இல்லை. கோபம். அது யார் மேல் என்று இன்றுவரை சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

மாமியார் பாலாடையோடு வெளியே வந்து பார்த்தபோது குழந்தை என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

“பேசினது இன்னா, நீ செய்றது இன்னா?”

“அவ அரக்கோணம் வர மாட்டா அத்தை.”

“பாஸ் வந்துட்ச்சிம்மே.”

“பாஸ் உங்களுக்குத்தானே.”

இந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்ததை நானே இன்னொருத்தி பேசியதுபோலக் கேட்டேன். மாமியார் பாலாடையை உள்ளே கொண்டுபோய் வைத்தார். சாயங்காலம் கணவர் வந்ததும், வழக்கம்போல முதலில் அவரிடம்தான் போய்ச் சொன்னார். நான் பரிமாறும்வரை காத்திருந்து, நானும் சொன்னேன். காற்று, பால், பசி எல்லாவற்றையும். நாளையிலிருந்து மத்தியானச் சங்குக்கு நான் சாப்பிட்டுவிடுவேன் என்றும் சொன்னேன்.

கணவர் சங்கடப்பட்டார். “ஊர்ல இல்லாத வயக்கமா கீது. ஷெட்ல தெரிஞ்சா கிண்டல் பண்ணுவானுங்க.”

“ஷெட்ல இஞ்சினுக்கு எப்போ கரி போடுவீங்க? எல்லாரும் சாப்பிட்டு முடிச்ச பிறகா?”

“நீ இன்னா இஞ்சினா?”

“இஞ்சினுக்காவது ராத்திரி ஷெட்ல ரெஸ்ட் உண்டு.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா பக்கம் பார்த்து அதை மறைத்துக்கொண்டார். சரி என்று சொல்லவில்லை. கூடாது என்றும் சொல்லவில்லை. எனக்கு அது போதும் என்று வைத்துக்கொண்டேன்.

ஆனால் மாமியார் விட்டுக்கொடுக்கவில்லை. மறுநாள் வண்டிக்குப் புறப்படுகிற நாள். தன் டிரங்குப் பெட்டிக்குப் பக்கத்தில் குழந்தையின் துணிகளைத் தனி மூட்டையாகக் கட்டி வைத்திருந்தார். ஜட்காக்காரனுக்குச் சொல்லியாகிவிட்டது. குழந்தை விரலைச் சப்ப ஆரம்பித்ததுமே, அழுமுன், நான் பால் கொடுத்தேன். தோளில் போட்டுத் தட்டினேன். அமைதியாகத் தூங்கினாள். தேநீர் குடிக்கவில்லை. தொண்டையில் மிடறு எழும்பும்போதெல்லாம் வாயைக் கொஞ்சம் திறந்து மூச்சை வெளியே விட்டேன். வாய் திறந்திருந்தால் காற்றை விழுங்க முடியாது; அதைக் காலையில்தான் கண்டுபிடித்திருந்தேன்.

சங்கு ஊதியது. வரிசை முழுக்கத் தட்டுகள் சத்தமிட்டன. மாமியார் தன் தட்டோடு உட்கார்ந்தார். நான் அலமாரியிலிருந்து இன்னொரு தட்டை எடுத்தேன். சோறு போட்டு, ரசம் விட்டு, அவருக்கு எதிரிலேயே உட்கார்ந்தேன்.

“அவன் இன்னும் வர்ல.”

“தெரியும் அத்தை.”

“வெக்கமா இல்ல?”

இருந்தது. முதல் கவளம் இறங்க மறுத்தது. மென்றேன். நன்றாக மென்று விழுங்கினேன். எங்கோ தண்டவாளத்தில் என் கணவர் பசியோடு இஞ்சினுக்கடியில் படுத்துக்கிடப்பார் என்ற நினைப்பு வந்தது. அது பொய்யுமில்லை. ஆனால் நான் பட்டினி கிடந்து அவருக்கு ஒரு கவளமும் போய்ச் சேர்ந்ததில்லை. இரண்டாம் கவளம் எடுத்தேன். அவசரப்படாமல், ஒரு தட்டுச் சோறு முழுவதையும் சாப்பிட்டேன்.

மாமியார் எப்போதோ முடித்துவிட்டார். கை காய என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எதற்குக் காத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும்.

“இன்னா, ஏப்பம்?”

“வராது அத்தை.”

“வராட்டி உள்ளாற நின்னுக்கும்மே.”

“உள்ள போகவே இல்ல. நிக்கறதுக்கு ஒண்ணுமில்ல.”

அவர் நம்பவில்லை. அந்த நேரம் பார்த்து என் கணவர் கையெல்லாம் கறுப்பெண்ணெயோடு உள்ளே வந்தார், அம்மாவை வண்டியேற்ற ஷெட்டில் அனுமதி வாங்கிக்கொண்டு. கழுவாத என் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். மூன்று பேரும் என் ஏப்பத்துக்காகக் காத்திருந்தோம். அது வரவில்லை.

“எனக்கு மீதி கீதா?” என்றார் அவர்.

“உன் பொண்டாட்டியக் கேளு” என்றார் மாமியார்.

நான் எழுந்து அவருக்குப் பரிமாறினேன், தனித் தட்டில். பிறகு குழந்தையின் மூட்டையை அவிழ்த்து, துணிகளை ஒவ்வொன்றாக மடித்து அலமாரியில் திரும்ப அடுக்கினேன். மாமியார் அதைப் பார்த்துக்கொண்டே வெற்றிலை மடித்தார். என்னைத் தடுக்கவில்லை. மூட்டை கட்டியிருந்த பழைய வேட்டியை மட்டும் என் கையிலிருந்து வாங்கி உதறி, தன் பெட்டிக்குள் வைத்துக்கொண்டார்.

வாசலில் ஜட்காக்காரன் கத்தினான்: “கைக்கு தேர், அம்மா? காடி நிக்கல் ஜாத்தி!” ஏன் தாமதம், ரயில் போய்விடும் என்று.

மாமியார் ஏறி உட்கார்ந்தார். தூங்குகிற குழந்தையை ஜட்காவரை தூக்கிப் போனேன். அவள் வயிற்றை ஒரு விரலால் சுண்டிப் பார்த்தார். சத்தம் வரவில்லை. மறுபடி சுண்டினார்.

“வலி வந்தா எய்து. உடனே வந்துர்றேன்.”

“வராட்டியும் எழுதறேன் அத்தை.”

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அன்று சாயங்காலமே கொஞ்சம் வலித்தது. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பின்கட்டில் மேலும் கீழும் நடந்தேன், நடந்ததில் தணிந்தது. அதன் பிறகும் பல நாள் வந்தது. காராமணியும் மொச்சையும் சாப்பிட்டால் இன்றைக்கும் உப்பும்; நேரம் தப்பினால் சுரண்டும். எல்லாம் தீர்ந்துவிட்டது என்று எழுதினால் நானே நம்ப மாட்டேன். நான் செய்தது சரிதானா என்று நடக்கும்போதெல்லாம் நூறு தரம் யோசித்தேன். மாமியார் அங்கே போய் என்ன சொல்லுவார், அக்கம்பக்கம் என்ன பேசும், ஒருவேளை பசும்பாலே நல்லதோ என்று. வேலிக்கு அப்பாலிருந்து தெலுங்கு அம்மாள் என்னைப் பார்த்து, “வொச்சிந்தா?” என்று கேட்டாள்.

“ராலேது” என்றேன். வரவில்லை.

மறுநாள் சங்கு ஊதியபோது சோறு வடித்து இறக்கியிருந்தேன். தட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வாசல் கதவைச் சாத்தவில்லை.